எல்லா வண்டியும் பழுது

கப்பல் முனையத்தின் வாசலில் நின்று பார்த்தால் ஊர் கண்ணுக்கு எட்டும், காலுக்கு எட்டாது. எதிரே தண்ணீர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் கட்டடங்கள், மொட்டை மாடிகளில் காயும் துணிகள்கூடத் தெரியும். ஆனால் நடுவில் கிடப்பது துறைமுகம். சரக்குப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு, கிரேன்களுக்கு அடியில் நுழைந்து, தண்டவாளத்தைத் தாண்டி ஒரு சாலை போகிறது. அந்தச் சாலையில் மனிதர் நடக்கக் கூடாது. உயரத்தில் உட்கார்ந்து பெட்டி லாரி ஓட்டுகிறவருக்குத் தன் வண்டியின் மூக்குக்குக் கீழே நிற்கும் ஆள் தெரிய மாட்டான் என்பதால் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். ஆகவே கப்பலை விட்டு இறங்குகிற யாரும் ஏதாவது ஒரு சக்கரத்தின் மேல் ஏறித்தான் ஊருக்குள் போயாக வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்குக் கப்பலிலேயே விற்கும் சுற்றுலாப் பேருந்து. சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, கொடி பிடித்த ஒருவர் பின்னால் வாத்துக் கூட்டம் போலப் போய் ஏறுவார்கள். அந்த வாத்து வேஷம் பிடிக்காதவர்கள், முனையத்துக்கும் ஊருக்கும் போய்வந்துகொண்டிருக்கும் ஷட்டில் பஸ்ஸில் போவார்கள். கதவருகே இருக்கும் பெட்டியில் அறைக் கார்டைக் காட்ட வேண்டும். அது 'பீப்' என்றால் ஏறலாம். இரண்டும் வேண்டாம், எங்கள் இஷ்டத்துக்குச் சுற்றுகிறோம் என்கிற மிச்சம் மீதி ஆட்களுக்காக இருப்பது டாக்ஸி வரிசை.

அவன் அந்த வரிசையில் வண்டி ஓட்டுபவன்.

அந்த வரிசை இருக்கிறதே, அது ஒரு விசித்திரமான ஏற்பாடு. இரண்டு இரும்பு வேலிகளுக்கு நடுவே ஒரே ஒரு வண்டியின் அகலம். பின்னால் நுழைய வேண்டும், முன்னால் வெளியேற வேண்டும். முன்னால் ஒரு தடுப்புக் கட்டை. அதைத் தூக்கி இறக்குகிறவர் கழுத்தில் விசில் தொங்கும், அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. முதல் வண்டியில் ஆள் ஏறினால் விசில் கட்டையைத் தூக்குவார், அந்த வண்டி போகும், எல்லோரும் ஒரு வண்டி நீளம் முன்னே நகர்வார்கள். குறுக்கே புகுந்து சவாரி பிடிக்கும் அடிதடி ஓயட்டும் என்று கட்டிய வேலி. அடிதடி ஓய்ந்தது. ஆனால் உள்ளே நுழைந்துவிட்டவன், வயிறு கலக்கினாலும், வீடு தீப்பிடித்தாலும், தன் முறை வராமல் வண்டியோடு வெளியே வர முடியாது.

விடியலில் வந்து நிற்கிற ஓட்டுநருக்கு ஒரே கனவுதான்: பெட்டி படுக்கையோடு விமான நிலையம் போகிற சவாரி. ஒரே கெட்ட கனவும் உண்டு: கப்பல் ஊழியர்கள். அவர்கள் பயணிகள் இறங்குகிற கண்ணாடி வாசலில் வர மாட்டார்கள். கப்பலின் பின்பக்கத்துச் சின்னக் கதவு வழியாக இறங்கி, வேலியை ஒட்டி, வரிசையின் வால் பக்கமிருந்து வருவார்கள். வேலைக்கு நடுவே கிடைத்த கொஞ்ச நேரத்தில் அவர்கள் கேட்பது துறைமுக வாசலுக்கு வெளியே இருக்கிற போன் கடை. வீட்டுக்கு முகம் பார்த்துப் பேசலாம், பக்கத்துக் கடையில் சோப்பும் பிஸ்கட்டும் வாங்கலாம். அந்தச் சின்னச் சவாரியை ஏற்றினால் திரும்ப வந்து வாலில் நிற்க வேண்டும். அதற்குள் கப்பல் காலியாகியிருக்கும். அன்றைய பிழைப்பு அவ்வளவுதான். ஏற்றமாட்டேன் என்றும் சொல்ல முடியாது. சவாரி மறுத்தால் பர்மிட் போய்விடும். வண்டி பழுது என்றால் மட்டும் கேள்வி இல்லை.

இதைக் கண்டுபிடித்தவன் அவன்தான். ஒரு வெயில் நாளில் அவன் ரேடியேட்டர் உண்மையாகவே கொதித்து, பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். மூன்று கப்பல் பையன்கள் வந்தார்கள், பானெட்டைப் பார்த்தார்கள், அவன் வாய் திறக்கும் முன்பே அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்கள். அடுத்த வண்டிக்காரர் அவனைப் பார்த்தார். அவன் கண்ணடித்தான். அன்றைக்கே அவருடைய பானெட்டும் தூக்கிக்கொண்டது. இப்போது அது வரிசையின் வழக்கமாகவே ஆகிவிட்டது. பின்னால் இருப்பவர் "கறுப்பு ஷூ வருது" என்று குரல் கொடுப்பார். வாலிலிருந்து தலைவரை பானெட்டுகள் ஒவ்வொன்றாக எழும். கறுப்பு ஷூ என்பது அடையாளம். கப்பலின் சமையல்கட்டும் நடைபாதையும் எப்போதும் ஈரம் என்பதால் ஊழியர்கள் எல்லோருக்கும் வழுக்காத ரப்பர் அடி வைத்த கறுப்பு ஷூ கொடுத்திருப்பார்கள். சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறவர்கள்கூட ஷூவை மாற்றுவதில்லை. தீப்பெட்டி மாதிரி அறையில் இன்னொரு ஜோடிக்கு இடம் ஏது. ஆகவே ஓட்டுநர்கள் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. குனிந்து பேட்டரியை நோண்டிக்கொண்டு, "முன்னாடி கேளுங்க" என்பார்கள். முதல் வண்டிக்காரர் மட்டும் "பின்னாடி கேளுங்க" என்பார்.

இதைச் சொல்லிக்கொடுத்ததால் அவனுக்கு வரிசையில் 'வாத்தியார்' என்று பட்டம்.

வாத்தியாரின் மனைவியும் ஒரு கப்பலில் வேலை செய்கிறாள். சலவைக் கூடத்தில். பெண் குழந்தை நடக்கத் தொடங்கிய சமயத்தில் போனவள். விடுமுறையில் இரண்டு முறை வந்தாள். முதல் தடவை குழந்தை அத்தையின் பின்னால் ஒளிந்துகொண்டது. இரண்டாம் தடவை, மடியில் வந்து உட்காரப் பழகியபோது விடுமுறை முடிந்துவிட்டது. அவளுடைய கப்பல் எப்போதும் வேறு கடல்களில் ஓடும். ஒருமுறை போனில், "எந்த ஊர்ல இறங்கினாலும் எங்களைக் கண்டா டாக்ஸியெல்லாம் பழுதாயிடுதுங்க, என்ன மாயமோ" என்றாள். அவன் சிரித்தான். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினான்.

இப்போது, போக வேண்டிய துறைமுகத்தில் புயல் என்று, அவள் கப்பல் எதிர்பாராமல் இங்கே திரும்பியது. ஒரே ஒரு பகல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுவார்கள் என்றும், சாயங்காலம் மேசைத் துணி மூட்டைகள் இறங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்றும் நடுக்கடலிலிருந்து செய்தி அனுப்பியிருந்தாள். துறைமுகத்துக்குள் வந்துவிட்டால் கப்பலின் இணையத்தை நிறுத்திவிடுவார்கள், அவள் போன் வேலை செய்யாது.

"பேசாம வெளி வாசல்ல போய் நின்னு கூட்டிட்டு வந்துடுடா. அந்த வரிசை கிரிசைக்குள்ள போய் மாட்டிக்காதே" என்றாள் காலையில் அவன் அக்கா. குழந்தையை வளர்ப்பவள் அவள்தான்.

"வாசல்வரைக்கும் அவ எப்படிக்கா வருவா? நடக்க விட மாட்டாங்க. வெளி வண்டிய உள்ள விட மாட்டாங்க. வரிசை வண்டின்னாதான் உள்ளயே போகலாம். எல்லாம் கணக்குப் போட்டு வெச்சிருக்கேன். அவ இறங்குற நேரத்துக்கு என் வண்டி முன்னாடி நிக்கும்."

"உன் கணக்குத்தான் ஊருக்கே தெரியுமே."

குழந்தை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. "அப்பா, மஞ்சள் சட்டை. நான்தான் அம்மாகிட்ட போட்டுட்டு வரச் சொன்னேன். பாத்து கூட்டிட்டு வா. வேற யாரையாவது கூட்டிட்டு வந்துடாதே."

"உங்கம்மாவை எனக்குத் தெரியாதாடி?"

"எனக்குத்தான் தெரியாதே" என்றது குழந்தை, சாதாரணமாக.

அவன் போட்ட கணக்கு என்னவோ சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மதியத்துக்கு முன்பே வரிசையின் பாதியைத் தாண்டிவிட்டான். மஞ்சள் நிறம் தேடுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று கண்ணாடி வாசலைப் பார்த்தபடி இருந்தான். பழக்க தோஷம், அவள் அந்த வாசலில் வர மாட்டாள் என்பதுகூட அந்த நேரத்தில் அவனுக்கு உறைக்கவில்லை.

"கறுப்பு ஷூ வருது!"

பானெட்டுகள் எழுந்தன. அவனும் இறங்கி, லீவரை இழுத்து, தூக்கி, கம்பியை முட்டுக் கொடுத்து, தலையை உள்ளே விட்டான். தான் மட்டும் தூக்காமல் நின்றால் எல்லோரும் கேட்பார்கள், வாத்தியாரே இப்படியா என்று. தலையை உள்ளே விட்டுவிட்டால் பக்கவாட்டில் தரை மட்டும்தான் தெரியும். கறுப்பு ஷூ ஒரு ஜோடி, பின் வண்டியில் நின்றது, நகர்ந்தது. அவன் வண்டியருகே வந்தது. வேகமான நடை, மூச்சு வாங்கும் சத்தம்.

"அண்ணே, ஊருக்குள்ள போகணும். கொஞ்சம் அவசரம்."

"பேட்டரி போச்சும்மா. முன்னாடி கேளுங்க."

ஷூ நகரவில்லை.

"உங்களுக்குமா?" என்றது குரல்.

அவன் நிமிர்ந்தபோது பானெட்டின் கொக்கி பின்மண்டையில் இடித்தது. எதிரே அவள். சலவைக்கூடத்துச் சாம்பல் நிறச் சீருடை, வியர்வையில் ஒட்டிய முடி, தோளில் ஒரு துணிப்பை. கூட வேலை செய்கிறவள் ஒருத்தி, "படுக்கை விரிப்பெல்லாம் நான் போட்டுக்கறேன், நீ ஓடு" என்று முன்கூட்டியே அனுப்பிவிட்டாளாம். அடித்தளத்திலுள்ள அறைக்குப் போய் உடை மாற்றினால் அந்த நேரமும் வீண் என்று, மஞ்சள் சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு அப்படியே ஓடி வந்திருக்கிறாள்.

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு திரும்பி, வாலிலிருந்து தலைவரை வாய் பிளந்து நிற்கும் வண்டிகளையும், தன் காலிலிருந்த கறுப்பு ஷூவையும் பார்த்தாள். அந்த மாயம் என்னவென்று அவளுக்குப் புரிவதை அவன் முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டியிருந்தது.

"ஏறு, ஏறு. பின்னாடி உட்காரு" என்று பானெட்டை அறைந்து மூடினான். முன்னே ஓடினான்.

முதல் வண்டிக்காரருக்கு 'ஏர்போர்ட்' என்று பெயர். விமான நிலையச் சவாரி தவிர வேறெதையும் மனதாலும் நினைக்காதவர். ஆனால் கெட்ட மனிதர் இல்லை. "நம்ம தங்கச்சியா? முன்னாடியே சொல்றதுக்கென்ன வாத்தியாரே. என் வண்டியில ஏத்து. வீட்டு வாசல்ல இறக்கிட்டு வரேன், காசு பேச்சே வேண்டாம்" என்றார். அவர் பானெட்டில் கை வைக்கும்போதே அது நடந்தது.

அவளுக்குப் பின்னாலேயே சமையல்கட்டு ஆட்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லா வண்டியும் பழுது என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், எதிரே வந்த ஒரு அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். துறைமுகப் பாதுகாப்புக்குப் புதிதாக வந்தவர். போன வாரம் சரக்குப் பக்கத்தில் ஒரு வண்டி தீப்பிடித்து எரிந்ததிலிருந்து தூக்கம் கெட்டவர். வரிசையில் பழுதான வண்டி நின்றால் கட்டையைப் பூட்டிவிட்டு மெக்கானிக்கைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று கம்பத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார். கம்பத்தில் ஒட்டுவதை ஓட்டுநர்கள் யார் படித்தார்கள்?

மற்ற அதிகாரிகள் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் நம்பிவிட்டார்.

"என்ன பழுது?" என்று ஏர்போர்ட்டைக் கேட்டார். சமையல்கட்டு ஆட்கள் பக்கத்திலேயே நின்றார்கள்.

ஏர்போர்ட் அவர்களைப் பார்த்தார், பர்மிட்டை நினைத்தார். "பேட்டரி, சார்."

"உங்களுக்கு?"

"பேட்டரி, சார்."

"உங்களுக்கும் பேட்டரியா? எல்லாரும் ஒரே பங்க்ல பெட்ரோல் போட்டீங்களா?"

"சார், பேட்டரிக்கும் பெட்ரோலுக்கும்…"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க." விசிலிடம் திரும்பினார். "கட்டையைப் பூட்டுங்க. ஒரு வண்டி நகரக் கூடாது. மெக்கானிக் வந்து ஒவ்வொண்ணாப் பாக்கட்டும். பழுது இருந்தா சரி பண்ணிட்டுப் போகலாம். பழுது இல்லாம பழுதுன்னு சொல்லியிருந்தா, சவாரி மறுத்த கணக்குதான்."

விசில் பூட்டினார். மெக்கானிக் துறைமுகத்தின் கடைக்கோடியில் ஒரு கிரேனுக்கு அடியில் படுத்திருப்பதாகத் தகவல் வந்தது. அதிகாரி ஒவ்வொரு வண்டியாக வந்து, அவன் வண்டியருகே நின்றார்.

"உங்க பானெட் மூடியிருக்கே. வண்டி நல்லாத்தான் இருக்கா?"

"இவரும் பேட்டரின்னுதான் சொன்னார், எங்க காதுலயே விழுந்துச்சு" என்றான் பின்னால் வந்த சமையல் உதவியாள்.

பின் இருக்கையின் கண்ணாடி இறங்கியிருந்தது. அவள் சாம்பல் சீருடையின் மேலேயே மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. சார், எல்லா வண்டியும் நல்லாத்தான் இருக்கு, இது எங்க பொய், தொடங்கினவன் நான், கட்டையைத் திறங்க. சொல்லிவிட்டால் ஏர்போர்ட் இந்த நிமிடமே அவளை ஏற்றிக்கொண்டு கிளம்புவார். நாளையிலிருந்து அந்த வேலிக்குள் யாருக்கும் வேலை இருக்காது, அவனுக்கும். அவன் வரிசையைப் பார்த்தான். வரிசை மொத்தமும் அவனைப் பார்த்தது. மெக்கானிக் சீக்கிரம் வந்துவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"பேட்டரி, சார்."

"அப்ப இவங்க ஏன் உள்ள உட்கார்ந்திருக்காங்க? தெரிஞ்சவங்களா?"

"வெயில்ல நின்னாங்க, சார். பாவம்னு…"

அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். பொத்தான் பூட்டுகிற கை பாதியில் நின்றுபோனது.

பிறகு அவன் ஓடாத ஓட்டமில்லை. ஷட்டில் பஸ்ஸின் ஓட்டுநரிடம் கெஞ்சினான். தங்கள் சவாரியைக் கெடுக்கிறான் என்று டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் வெறுக்கிற மனிதர் அவர்.

"கார்டு இருக்கா?"

"பயணி இல்லீங்க, கப்பல்ல வேலை பாக்குறா. என் வீட்டுக்காரி."

"கார்டு போட்டாத்தான் பீப் வரும். எத்தனை பீப் வந்துச்சுன்னு கப்பலுக்குக் கணக்கு போகுது. தலையும் பீப்பும் ஒத்துப்போகலேன்னா என் வேலை போயிடும். ஏன், உங்க வண்டிக்கு என்ன?"

அவன் அடுத்த வழி தேடி ஓடினான். கப்பல் ஊழியர் விடுதி நடத்தும் சின்ன வேன் ஒன்று எப்போதாவது வரும். அது அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. அதற்கு உண்மையாகவே பழுது.

திரும்பி வந்தபோது வரிசையில் எல்லோரும் ஸ்பேனரும் கையுமாக இருந்தார்கள். மெக்கானிக் வந்து பார்க்கும்போது பழுது என்று ஏதாவது இருக்க வேண்டுமே. பேட்டரியின் தலையில் இரண்டு கம்பிகள் வந்து கவ்வியிருக்கும். கவ்வியின் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும், சாவி போட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், வண்டி செத்தமாதிரி கிடக்கும். இறுக்கினால் பிழைத்துக்கொள்ளும். அவனும் பானெட்டைத் தூக்கி, நல்ல வண்டியின் திருகைத் தளர்த்தினான். பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள இடுக்கில், உள்ளே உட்கார்ந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

பின் இருக்கையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கிரேனுக்கு அடியிலிருந்து மெக்கானிக் இன்னும் எழுந்தபாடில்லை.

"என் போன்ல கூப்பிடட்டா?" என்றான் கடைசியில். "முகம் பாத்துப் பேசலாம். குழந்தை ஜன்னல்லதான் நிக்கிறா."

"போன்ல பேசுறதுன்னா கப்பல்லேர்ந்தே பேசியிருப்பேனே. இவ்வளவு தூரம் ஏன் ஓடி வரேன்?"

மெக்கானிக் வந்தபோது நிழல்கள் நீண்டிருந்தன. வாலிலிருந்து தொடங்காமல் தலையிலிருந்து தொடங்கினான். நல்ல வேளை என்று அவன் நினைத்தான். முதல் வண்டியில் திருகை இறுக்கினான். இரண்டாவதில் இறுக்கினான். மூன்றாவதில் நிமிர்ந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தான். நாலாவதற்கு நகர்ந்தான். ஆனால் எல்லாவற்றையும் பார்த்து முடித்துக் கையெழுத்துப் போடும்வரை கட்டை திறக்காது என்று விசில் வந்து சொன்னார்.

அவள் கண்ணாடி வழியாகக் கப்பலைப் பார்த்தாள். மேல்தளங்களில் விளக்கு போட்டிருந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மேசைகளை மாற்றுகிறார்கள் என்று அர்த்தம். பழைய துணிகளைக் குழாய் வழியாகக் கீழே தள்ளுவார்கள். மூட்டை விழுகிற இடத்தில் ஆள் இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால், அவளை ஓடச் சொன்னவள் மாட்டிக்கொள்வாள்.

மஞ்சள் சட்டையைக் கழற்றி, சலவைக்கூடத்தில் மடிக்கிற மாதிரி ஓரம் பிசகாமல் மடித்து, இருக்கையில் வைத்தாள். கதவைத் திறந்தாள்.

"இன்னும் சில வண்டிதான். கொஞ்சம் இரேன்."

"போயிட்டு வர நேரமில்லை."

"அடுத்த தடவை கப்பல் இந்தப் பக்கம் வரும்போது…"

"அடுத்த தடவை வேற ஷூ வாங்கி வெச்சுக்கறேன்" என்றாள். குரல் உயரவில்லை. வேலியை ஒட்டி, வந்த வழியே வேகமாக நடந்தாள். வரிசையில் எல்லோரும் பானெட்டுக்குள் குனிந்துகொண்டார்கள்.

மெக்கானிக் அவன் வண்டிக்கு வந்தான். ஒரு திருகு திருகினான். "போட்டுப் பாருங்க" என்றான். வண்டி முதல் சாவிக்கே கிளம்பியது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழந்தை ஜன்னலை விட்டு ஓடி வந்து, அவனைத் தாண்டி, வண்டியின் பின் கதவைத் திறந்து பார்த்தது. மடித்த மஞ்சள் சட்டை இருந்தது. அதைக் கையில் எடுத்து, பிரித்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பது போல் பார்த்தது. அக்கா வாசல்படியிலேயே நின்றாள்.

"அம்மா எங்கப்பா?"

வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தான். வாயில் வந்தது பழகியதுதான்.

"வண்டி பழுதாயிடுச்சும்மா. பேட்டரி போச்சு."

குழந்தை, இன்னும் சூடாக இருந்த பானெட்டைப் பார்த்தது. அவனைப் பார்த்தது.

"அப்போ நீ எதுல வந்தே?"